உரிமம் பெற்ற ஒற்றைக்கையன்

சிட்னி நகரின் மேற்கே ஃபேர்ஃபீல்டு என்றொரு வட்டாரம். வியத்நாமிலிருந்தும் ஈராக்கிலிருந்தும் போர் துரத்த ஓடிவந்தவர்கள், ஆலையிலும் கிடங்கிலும் கட்டடப் பணியிலும் உடல் நோக உழைப்பவர்கள், இரவெல்லாம் பிறருடைய அலுவலகங்களைக் கூட்டிப் பெருக்கிவிட்டு விடியற்காலையிலே வீடு திரும்புபவர்கள் - இப்படிப்பட்டவர்கள் வாழும் இடம். சிட்னியிலே வருவாய் குறைந்த பகுதி எது என்று கேட்டால் முதலில் விரல் நீளும் இடங்களில் ஒன்று. சூதாட்ட இயந்திரத்திலே அதிகப் பணத்தைப் பறிகொடுக்கும் பகுதி எது என்று கேளுங்கள், அதே விரல் அதே இடத்துக்குத்தான் நீளும்!

துறைமுகத்தைப் பார்த்தபடி மாளிகை எழுப்பி வாழும் சீமான்களின் வட்டாரமல்ல இது. வாரக்கூலி வாங்கி, அதிலே வாடகைக்கு ஒரு பங்கு, பிள்ளையின் பள்ளிக்கு ஒரு பங்கு, ஊரிலே இருக்கும் தாய்க்கு ஒரு பங்கு என்று பிரித்து வைக்கும் பாட்டாளியின் வட்டாரம். மெல்போர்ன் நகரத்துக்குப் போனாலும் இதே கதைதான். அங்கே பிரிம்பாங்க் என்னும் மேற்குப் புறநகர், விக்டோரியா மாநிலத்திலேயே அதிக இழப்புக்குப் பேர்போனது. ஈழத்திலே குண்டுமழைக்குத் தப்பிப் போன நம் உடன்பிறந்தார் பலர் குடியேறியிருக்கும் டாண்டினாங் பகுதியும் அந்தப் பட்டியலிலே மேல்வரிசையில் நிற்கிறது.

திருட்டுத்தனமாக, இருட்டறையிலே, காவலர் வருகிறாரா என்று எட்டிப் பார்த்துக்கொண்டே ஆடும் சூதா இது? இல்லை, இல்லை! பட்டப்பகலில், தெருமுனை மதுக்கூடத்தில், உறுப்பினர் மன்றங்களில், வண்ண விளக்கு மின்ன, இன்னிசை ஒலிக்க நடப்பது. அரசு உரிமம் தருகிறது. அரசு வரி வாங்குகிறது. இயந்திரத்துக்குள் எத்தனை விழுக்காடு திரும்பக் கொடுக்கலாம் என்பதைக்கூடச் சட்டமே வகுத்துத் தருகிறது. 'போக்கீஸ்' என்று செல்லப் பெயர் வேறு!

"ஆஸ்திரேலியாக்காரன் கதை நமக்கெதற்கு? நம் ஊரிலே பேச விவகாரமா இல்லை?" என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. நம் ஊரிலே சூதுக்கு வக்காலத்து வாங்குவோர் எடுத்து வைக்கும் வாதங்கள் மூன்று - அரசுக்கு வருவாய், ஆளுக்கு வேலை, ஆடுபவனுக்கு உரிமை. இந்த மூன்றையும் நம்பி, ஒரு நாடு ஏறத்தாழ 70 ஆண்டுகள் சோதனை நடத்திப் பார்த்திருக்கிறது. அந்தச் சோதனையின் கணக்கைப் புரட்டாமல் இந்த மூன்று வாதத்துக்கும் விடை கூற முடியாது.

19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவின் சான் ஃபிரான்சிஸ்கோ நகரில், சார்லஸ் ஃபே என்பவர் மூன்று உருளைகள் சுழலும் பெட்டியொன்றைச் செய்தார். காசு போட்டு, பக்கவாட்டிலே நீட்டிக்கொண்டிருக்கும் கைப்பிடியை இழுத்தால் உருளைகள் சுழன்று நிற்கும். அதன் போக்கைக் கண்ட மக்களே அதற்கு 'ஒற்றைக்கைக் கொள்ளைக்காரன்' என்று பெயர் சூட்டினார்கள். ஒரே ஒரு கை, அந்தக் கையும் கொடுக்க நீளாத கை! ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் இந்த ஒற்றைக்கையன் நெடுங்காலம் சட்டத்துக்குப் புறம்பாக நடமாடினான். 1956-இல் அவனுக்கு உரிமம் கிடைத்தது. வழங்கியது யார் தெரியுமோ? தொழிலாளரின் பெயரால் ஆட்சி பீடம் ஏறிய தொழிற்கட்சி அரசு!

காரணம் கேட்டால் இனிக்க இனிக்கச் சொன்னார்கள். போரிலிருந்து திரும்பிய படைவீரர் மன்றங்கள், தொழிலாளர் மன்றங்கள், விளையாட்டு மன்றங்கள் - இலாப நோக்கமில்லாத இந்த இடங்களில் மட்டும்தான் இயந்திரம் இருக்கும். வரும் பணம் உறுப்பினருக்கே பயன்படும். கேட்பதற்கு நன்றாகத்தானே இருக்கிறது! 1997-இல் அதே இயந்திரம் தனியார் மதுக்கூடங்களுக்கும் வந்துவிட்டது. இதற்கிடையே 1990-களின் தொடக்கத்தில், கடன் சுமையிலே தள்ளாடிய விக்டோரியாவும் கதவைத் திறந்துவிட்டது. இன்று நியூ சவுத் வேல்ஸில் மட்டும் 80,000-க்கு மேற்பட்ட இயந்திரங்கள். நாடு முழுவதும் இவற்றிலே மக்கள் ஆண்டுதோறும் இழப்பது 1,000 கோடி டாலருக்கும் மேல். தலைக்கு இவ்வளவு என்று கணக்கிட்டால் சூதிலே உலகில் முதலிடம் ஆஸ்திரேலியருக்குத்தான். முதலிடம் பெறுவதற்கு வேறு துறையே அகப்படவில்லை போலும்!

இயந்திரத்தின் வயிற்றுக்குள் நடப்பதைக் கொஞ்சம் பார்ப்போம். ஏனெனில், சூதாடி ஏமாந்த பாட்டாளியைப் பார்த்து 'பேராசைக்காரன்' என்று ஏசுகிறவர்கள், இந்த வயிற்றை ஒருமுறைகூடத் திறந்து பார்த்ததில்லை.

"போடும் பணத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு திரும்பி வருகிறது" என்பார்கள். இதிலே பொய்யில்லை. நியூ சவுத் வேல்ஸ் சட்டப்படி குறைந்தது 85 விழுக்காடு திரும்ப வேண்டும். பல இயந்திரங்கள் 90 வரையும் தருகின்றன. உடனே நம் உழைப்பாளி எண்ணுகிறான்: 100 டாலர் கொண்டுபோனால் 90 மிஞ்சும், பத்து டாலருக்கு ஒரு மாலைப் பொழுது இன்பமாகப் போகும் என்று. அங்கேதான் கண்ணி இருக்கிறது! 90 என்பது ஒவ்வோர் ஆட்டத்துக்கும் சராசரிக் கணக்கு. மீந்த 90-ஐ மறுபடி ஆடினால் 81. அதையும் ஆடினால் 73-க்குச் சற்றுக் குறைவு. இப்படிப் பத்துச் சுற்று முடிகையில் கையிலே இருப்பது 35 டாலர்கூட இல்லை. மூன்று விநாடிக்கு ஓர் ஆட்டம் என்றால் ஒரு மணி நேரத்தில் 1,200 ஆட்டம். ஆட்டத்துக்கு ஒரு டாலர் வைத்தால், மணிக்கு 1,200 டாலர் சுழன்று 120 டாலர் காணாமற்போகும். ஆட்டத்துக்குப் பத்து டாலர் வைக்கலாம் என்று நியூ சவுத் வேல்ஸ் சட்டம் இடம் தருகிறதே, அப்படி வைத்தால்? மணிக்கு 1,200 டாலர்! ஒரு தொழிலாளி வாரம் முழுவதும் முதுகொடிந்து ஈட்டும் கூலி, ஒரு மணி நேரத்தில்! இது நம் கற்பனைக் கணக்கல்ல. ஆஸ்திரேலிய அரசே அமைத்த உற்பத்தித்திறன் ஆணையம் 2010-இல் தந்த அறிக்கையும் இதே தொகையைத்தான் சொல்லிற்று.

இன்னொரு சூழ்ச்சியும் உண்டு. ஒரே ஆட்டத்தில் இருபது முப்பது வரிசைகள் மீது பணம் வைக்கலாம். ஒரு டாலர் வைத்தவனுக்கு முப்பது காசு விழுகிறது. உண்மையிலே அவன் இழந்தது எழுபது காசு. ஆனால் இயந்திரமோ மணியடிக்கிறது, விளக்குப் போடுகிறது, வெற்றி வெற்றி என்று பாடுகிறது! தோற்றவனுக்கு மாலை போட்டு ஊர்வலம் விடும் விந்தையை வேறெங்கே காண முடியும்?

மகாபாரதத்துத் தருமன் ஆடியதும் சூதுதான். நாட்டை வைத்தான், தம்பிமாரை வைத்தான், கட்டிய மனைவியையும் வைத்தான். ஆயினும் அவனைத் 'தருமபுத்திரன்' என்று கொண்டாடச் சொல்கிறார்கள்! அது கிடக்கட்டும். அவனுக்கு எதிரே உட்கார்ந்திருந்த சகுனிக்கு முகம் என்று ஒன்று இருந்தது. வஞ்சகம் தெரிந்தால் சட்டையைப் பிடித்துக் கேட்கலாம். இன்றைய சகுனி ஒரு சில்லுக்குள் உட்கார்ந்திருக்கிறான். அவனுக்குக் களைப்பில்லை, உறக்கமில்லை, மனமிரங்கி "போதும், வீட்டுக்குப் போ" என்று சொல்லும் வாயுமில்லை. வள்ளுவர் சூதுக்கென்று ஓர் அதிகாரமே ஒதுக்கினார். வெற்றியையே தூண்டில் என்றார். தூண்டிலை ஆலை வைத்துச் செய்து, அதற்கு உரிமமும் தரும் காலம் வருமென்று அவர் எண்ணியிருக்க மாட்டார்.

எப்போது பரிசு விழும் என்று தெரியாதபடி, எப்போதாவது ஒருமுறை தீனி கொடுத்தால், புறா களைக்கும் வரையில் பலகையைக் கொத்திக்கொண்டே இருக்கும் என்று ஸ்கின்னர் என்ற அமெரிக்க உளநூல் அறிஞர் சோதனை செய்து காட்டினார். புறாவுக்குப் பேராசை என்று நாம் சொல்வதில்லை. லாஸ் வேகாஸ் நகரில் ஆண்டுக்கணக்கில் ஆய்வு செய்து நடாஷா டௌ ஷுல் என்ற அம்மையார் 2012-இல் எழுதிய நூலிலே, இயந்திரத்துக்கு அடிமையானவர்கள் கூறியது இதைவிடக் கொடுமை: அவர்கள் வெல்வதற்காக ஆடவில்லையாம், ஆடிக்கொண்டே இருப்பதற்காகவே ஆடுகிறார்களாம்!

இனி வக்காலத்துக்காரர்களின் வாதத்துக்கு வருவோம்.

ஆளுக்கு வேலை கிடைக்கிறதாம். ஓர் உணவு விடுதியிலே நூறு டாலர் செலவானால் சமையற்காரருக்கு, பரிமாறுபவருக்கு, காய்கறி பயிரிட்டவருக்கு, அதை ஏற்றி வந்த ஓட்டுநருக்கு என்று பங்கு போகும். இயந்திரத்திலே விழும் நூறு டாலருக்கு எத்தனை பேர் வேலை செய்கிறார்கள்? மின்சாரம் வேலை செய்கிறது! அந்தக் குடும்பம் வாங்காமல் விட்ட செருப்பு, தைக்காமல் விட்ட சட்டை, கட்டாமல் விட்ட கடைப்பாக்கி - இவற்றால் தெருக்கடைக்காரன் இழந்த பிழைப்பை எந்தக் கணக்குப் புத்தகத்திலே எழுதியிருக்கிறார்கள்? ஊர் முழுவதற்கும் அரிசியும் பாலும் விற்கும் வூல்வொர்த்ஸ் நிறுவனமே 2021 வரையில் ஆஸ்திரேலியாவில் மிக அதிகச் சூதாட்ட இயந்திரங்களை வைத்திருந்தது. ஒரு கையால் ரொட்டி விற்பது, மறு கையால் ரொட்டிக்கு வைத்திருந்த காசைப் பிடுங்குவது!

இயந்திரம் இல்லாவிட்டால் மன்றங்கள் மூடிப்போகும், ஊர்ச்சிறுவர் பந்தாட்டமே நின்றுபோகும் என்று மிரட்டுகிறார்கள். இதற்கு நாம் விடை சொல்ல வேண்டியதில்லை, மேற்கு ஆஸ்திரேலியா சொல்கிறது. அந்த மாநிலத்திலே பெர்த் நகரின் சூதாட்ட விடுதி ஒன்றைத் தவிர வேறெங்கும், எந்த மதுக்கூடத்திலும், எந்த மன்றத்திலும் இந்த இயந்திரம் கிடையாது. அங்கே பந்தாட்டம் நின்றுவிட்டதா? மன்றங்களில் நூலாம்படையா தொங்குகிறது? நியூ சவுத் வேல்ஸ் மன்றங்கள் வாரி வழங்கும் தருமமாவது பெரிதா என்றால், அறப்பணிக்கென்று சட்டம் வகுத்த பங்கு இயந்திர இலாபத்தில் நூற்றுக்கு மூன்றைக்கூடத் தொடவில்லை. அதற்கும் வரிச்சலுகை உண்டு!

அடுத்து அரசு வருவாய். இதிலேதான் நம் தோழர்கள் கூர்ந்து கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று புதைந்திருக்கிறது. ஆஸ்திரேலிய மாநில அரசுகள் ஏன் இந்த ஒற்றைக்கையனின் கையைப் பற்றிக்கொண்டன? 1942-இல், போரைக் காரணம் காட்டி, வருமானவரி போடும் அதிகாரத்தை நடுவண் அரசு தன் கையிலே எடுத்துக்கொண்டது. போர் முடிந்தது, படை திரும்பிற்று, வரி மட்டும் மாநிலங்களுக்குத் திரும்பவில்லை! மருத்துவமனையும் பள்ளிக்கூடமும் நடத்தும் பொறுப்பு மாநிலத்துக்கு, பணம் கொழிக்கும் வரி நடுவண் அரசுக்கு. சீமானின் வருமானத்தைத் தொட முடியாத மாநிலம், கூலிக்காரனின் சட்டைப்பையைத் தொட்டது. மாநிலங்களின் கையைக் கட்டிப்போட்டால் என்ன நடக்கும் என்று நாம் மேடைதோறும் பேசுகிறோமே, அதற்கு இதைவிடச் சான்று வேறு வேண்டுமா?

வருவாயிலே பங்கு வாங்கும் காவற்காரன் திருடனைப் பிடிக்க மாட்டான். அந்த 2010-ஆம் ஆண்டு ஆணையமே கண்டு சொன்னது: இந்த இயந்திரங்களில் செலவாகும் பணத்திலே சுமார் 40 விழுக்காடு, சூதுக்கு அடிமையாகிச் சீரழிந்தவர்களிடமிருந்தே வருகிறது. ஆகவே ஓர் ஆட்டத்துக்கு ஒரு டாலருக்கு மேல் வைக்கக் கூடாது, எவ்வளவு இழக்கலாம் என்று ஆடுபவர் முன்கூட்டியே வரம்பு கட்ட வேண்டும் என்று பரிந்துரைத்தது. நல்ல மருந்து! ஆனால் நோயாளி குணமானால் மருத்துவருக்கு நூற்றுக்கு நாற்பது வருமானம் போய்விடுமே!

ஆண்ட்ரூ வில்கி என்ற சுயேச்சை உறுப்பினர், 2010-இல் பெரும்பான்மையின்றித் தவித்த ஜூலியா கில்லார்டின் தொழிற்கட்சி அரசுக்கு ஆதரவு தந்தார். பதவி கேட்கவில்லை, இந்தச் சீர்திருத்தத்தைக் கேட்டார். மன்ற முதலாளிகள் பணத்தைக் கொட்டினார்கள். சூதுக்கு வரம்பு கட்டுவது ஆஸ்திரேலியப் பண்புக்கே விரோதம் என்று விளம்பரம் செய்தார்கள். 2012 சனவரியில் கில்லார்டு வாக்குறுதியைக் கைவிட்டார், வில்கி ஆதரவை விலக்கிக்கொண்டார். பிறகு இயற்றிய அரைகுறைச் சட்டமும் 2014-இல், ஆட்சி மாறியபின், நீக்கப்பட்டது. டாஸ்மேனியா மாநிலத்திலே தொழிற்கட்சி துணிந்து, மதுக்கூடங்களிலிருந்தும் மன்றங்களிலிருந்தும் இயந்திரங்களை அகற்றுவோம் என்று 2018 தேர்தலில் முழங்கிற்று, எதிரே சூதாட்டத் தொழிலின் பணம் மலைபோல் குவிந்தது, கட்சி தோற்றது. நியூ சவுத் வேல்ஸிலோ, மதுக்கூட, மன்ற இயந்திரங்கள் வழியே பல நூறு கோடி டாலர் குற்றப்பணம் புழங்குகிறது என்று 2022-இல் அரசின் குற்ற ஆணையமே அறிக்கை தந்தது. ரொக்கத்தை ஒழித்து அட்டை முறை கொண்டுவருவேன் என்று அறிவித்தவர் பழைமைக் கட்சி முதல்வர் பெரோட்டே. அவரும் 2023 தேர்தலில் ஆட்சியிழந்தார். சோதனை நடத்திப் பார்ப்போம் என்று இழுத்தடித்தது தொழிற்கட்சி! கொடியிலே உழைப்பாளியின் பெயர் இருந்துவிட்டால் போதாது என்பதை இங்கிருந்தே நாம் பார்க்கிறோம்.

செய்யவே முடியாத காரியமா இது? நார்வே நாடு 2007-இல் இத்தகைய இயந்திரங்களை ஒரே நாளில் நாடெங்கும் அகற்றிற்று. 2009-இல் அரசு நிறுவனத்தின் பொறுப்பில் வேறு வகை இயந்திரங்கள் வந்தன - இழப்புக்கு வரம்பு கட்டி. இங்கிலாந்திலே பந்தயக் கடைகளில் இருபது விநாடிக்கு ஒருமுறை 100 பவுன் வைக்கலாம் என்றிருந்த இயந்திரத்தின் வரம்பு, 2019 ஏப்ரலில் 2 பவுனாகக் குறைந்தது. அதைத் தள்ளிப்போட அரசு முயன்றபோது, பொறுப்பு வகித்த அமைச்சர் டிரேசி கிரௌச், பதவியைத் தூக்கியெறிந்தார். மனமிருந்தால் அமைச்சராலும் முடியும்.

ஆடுபவனின் உரிமையாம் மூன்றாவது வாதம்! பசித்தவனுக்கு எலும்புத்துண்டை வீசிவிட்டு, கடிப்பதும் கடிக்காததும் உன் உரிமை என்று சொல்வது போன்றது இது. பொறுப்போடு ஆடுங்கள் என்று இயந்திரத்தின் மீதே எழுதி ஒட்டுகிறார்கள். பொறுப்போடு செய்தால் மூன்று விநாடிக்கு ஓர் ஆட்டம் என்று செய்திருப்பார்களா?

இங்கே, நம் நாட்டிலே, கோவா அரசு 1992-இல் ஐந்து நட்சத்திர விடுதிகளில் இத்தகைய இயந்திரங்களுக்குச் சட்டத்தில் இடம் தந்தது. பிறகு மாண்டவி ஆற்றிலே கப்பல்களும் வந்தன. தமிழகத்திலே 1968-இல் தொடங்கிய அரசு லாட்டரியின் நோக்கம் நல்லதுதான். ஆயினும் பின்னாளில் வெளிமாநிலச் சீட்டும், ஒற்றை எண் சீட்டும் கூலிக்காரனை எப்படி விழுங்கின என்பதை நெசவாளர் தெருக்களும் மில் வாயில்களும் அறியும். 2003-இல் லாட்டரிக்கு மாநிலம் தடை போட்டது.

சீட்டு போயிற்று, செல்பேசி வந்தது! சிட்னிக்காரன் மதுக்கூடம் வரையிலாவது நடக்க வேண்டும். நம் தோழனுக்கு அந்த நடையும் மிச்சம். உணவு இடைவேளையிலே, ஆலையின் கழிப்பறையிலே, குழந்தை உறங்கும் பாயருகிலே, இயந்திரம் அவன் சட்டைப்பையில் துடிக்கிறது. 2022 அக்டோபரில் தமிழகச் சட்டமன்றம் இணையச் சூதுக்குத் தடைச்சட்டம் நிறைவேற்றி அனுப்பிற்று. ஆளுநர் மாளிகை நான்கு மாதங்களுக்கும் மேல் அதை வைத்திருந்து, 2023 மார்ச்சில் திருப்பி அனுப்பிற்று! மறுபடி நிறைவேற்றி, ஏப்ரலில்தான் ஒப்புதல் கிடைத்தது. அந்த மாதங்களிலே எத்தனை வீட்டில் தாலிக்கொடி அடகுக்குப் போயிற்று என்று மாளிகைவாசிகள் கணக்கெடுத்தார்களா? அதே ஆண்டு நவம்பரில் உயர்நீதிமன்றம், ரம்மி திறமை ஆட்டம் என்று அதைத் தடையிலிருந்து விலக்கிற்று. நடுவண் அரசோ, 2023 அக்டோபர் முதல், பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டத்துக்கு 28 விழுக்காடு வரி போட்டுப் பங்கு வாங்கிக்கொண்டிருந்தது. இரண்டாண்டு கழித்து, 2025 ஆகஸ்டில்தான், தீமை என்று ஞானோதயம் பிறந்து தடைச்சட்டம் வந்தது. சென்னையிலிருந்து போன சட்டத்தில் அதே தீமை மூன்றாண்டுக்கு முன்பே எழுதியிருந்ததே, அப்போது கண்ணிலே பட்டது வரி மட்டும்தானா?

சட்டம் வந்துவிட்டது என்று கைகட்டி உட்கார முடியாது. கடல் கடந்த நாடுகளிலிருந்து இயங்கும் பந்தயச் செயலிகள் வேறு பெயரிலே, வேறு வண்ணத்திலே நுழைந்தவண்ணம் இருக்கின்றன. கழகத் தோழர்களே, அடுத்த வாயிற்கூட்டத்தில் போனசைப் பற்றிப் பேசும்போது இதற்கும் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். நூறு டாலர் பத்துச் சுற்றில் 35 ஆகும் கணக்கைக் கரும்பலகையில் எழுதிக் காட்டுங்கள். சம்பளநாளன்று மாலை ஆலை வாசலில் கந்துவட்டிக்காரன் யாருக்காகக் காத்து நிற்கிறான் என்று பாருங்கள். அந்தத் தோழனை ஏசாதீர்கள், தோளிலே கைபோட்டுத் தேநீர்க்கடைக்கு அழைத்துப் போங்கள். அவன் வீட்டிலே அடுப்பு எரிகிறதா என்று முதலில் கேளுங்கள், கடன் எவ்வளவு என்று பிறகு கேட்கலாம்.